ஆறு விசில்

உக்காருங்க தம்பி. அந்தச் சேர் ஆடும், இதுல உக்காருங்க. நீங்க வாயத் தொறக்கவே வேணாம், எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியும். பல் ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்திருக்கும். ‘உங்க வீட்ல இன்னாருக்கு எங்ககிட்ட பல்லு பாத்திருக்கு, ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துக்கங்க, நாங்களே லேபுக்குச் சொல்லிடறோம்’னு சொல்லியிருப்பாங்க. நீங்க பதறிப்போய் அங்க இங்க விசாரிச்சிருப்பீங்க. பல்லு சாமான அவிக்கிற அந்த மிஷினு எந்த நாள் ஓடுச்சு, எந்த நாள் ஓடலங்கறது மேரி சிஸ்டருக்குத்தான் தெரியும்னு யாரோ சொல்லியிருப்பாங்க. சரிதானே? ஒரு வாரமா இதேதான் எனக்கு வேலை. நேத்து மட்டும் மூணு பேரு. இதுவரைக்கும் பதினோரு பேரு வந்துட்டுப் போயிட்டாங்க, நீங்க பன்னெண்டாவது.

தேதியச் சொல்லுங்க. ஏப்ரல் பன்னெண்டா? யாருக்கு, உங்களுக்கா? சம்சாரத்துக்கா. கடவாப்பல்லு எடுத்தது. பேரு? பூங்கோதை. ஆங், தெரியும், கன்னம் வீங்கி துப்பட்டாவச் சுத்திக்கிட்டு வந்துச்சே, அந்தப் பொண்ணு. ஏப்ரல் பன்னெண்டு சனிக்கிழமை. மறக்குமா எனக்கு, மறுநாள் எங்களுக்குக் குருத்தோலை ஞாயிறு. ஓடுச்சு தம்பி. அன்னைக்கு மிஷின் நல்லா ஓடுச்சு. நிம்மதியா வீட்டுக்குப் போங்க.

இன்னும் என்ன யோசிக்கிறீங்க? ஓடுச்சுன்னுதான் சொல்லிட்டேனே. என்னது, மாசமா இருக்கா? ஆறு மாசமா? சரி, இருக்கட்டும், நல்லது. ஜி.எச்.ல மாசமா இருக்கறவங்களுக்கு எல்லா டெஸ்டும் எடுத்துருவாங்களே, உங்களுக்கு எடுக்கலையா? எடுத்தது மார்ச்சுலயா. பல்லுக்கு முன்னாடி. ம்.

சின்ன டாக்டர் போன்ல என்ன சொன்னா உங்ககிட்ட? ரத்தத்துல அப்படி ஏதாவது இருந்தா, பிள்ளை பொறந்தவுடனே ஊசி போட்டுக் காப்பாத்திரலாம், ஆனா முன்னாடியே தெரியணும்னா? சொல்லுவா, சொல்லுவா. அவளுக்குப் படிப்பு இருக்கு, சொல்லுவா. ஊரு பூராவும் போன் போட்டு, ஆயிரத்துச் சொச்சம் பேர் தூக்கத்தக் கெடுத்துட்டு அவ பாட்டுக்கு இருக்கா. எல்லாரும் என் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாங்க. அவ வீட்டு வாசல்ல யாரும் நிக்கல. அங்க வாட்ச்மேன் இருக்கான்.

நான் எப்படி இவ்வளவு உறுதியாச் சொல்றேன்னா கேக்குறீங்க? யாருகிட்டக் கேக்குறீங்க அந்தக் கேள்விய? பதினேழு வருசம் தம்பி. இந்த ஒட்டன்சத்திரத்துல, அந்த விதைக்கடை மாடியில, பதினேழு வருசம் நின்ன காலு இது. பெரிய டாக்டர் திருவேங்கடம் கிளினிக் தொறந்த அன்னைக்கு சாம்பிராணி போட்டதே நான்தான். நர்ஸ் படிப்பெல்லாம் இல்ல, பத்தாவது பெயிலு. வெள்ளைக் கோட்டு மாட்டி விட்டாரு, சிஸ்டர் ஆயிட்டேன். அவரு பல்லப் புடுங்குவாரு, நான் தலையப் புடிப்பேன். அழுகுற பிள்ளைக்குப் பாட்டுப் பாடுவேன். மூட்டை தூக்குற ஆளுங்க, மலை மாதிரி இருப்பாங்க, ஊசியப் பாத்தா மயங்கி விழுவாங்க, தாங்கிப் பிடிப்பேன். சின்ன டாக்டர் மதுவந்தி இருக்காளே, பெரியவரு மக, இன்னைக்கு என்னைய வீட்ல உக்கார வச்சவ, அவ எட்டாவது படிக்கையில பல்லுக்குக் கம்பி கட்டுனப்போ யாரு கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா? இந்தக் கைய. நகம் பதிஞ்சு போச்சு. அதெல்லாம் இப்ப யாருக்கு ஞாபகம் இருக்கு.

அப்ப எல்லாம் கொதிதண்ணிதான். ஒரு பொட்டி இருக்கும், தண்ணி கொதிக்கும், கொறடு, கொக்கி, கண்ணாடி எல்லாத்தையும் அதுல போடுவோம், எடுப்போம், துடைப்போம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. ஆச்சுன்னு யாரும் வந்து சொல்லல. சின்னது சென்னையில படிச்சு முடிச்சு வந்துச்சு, வந்த கையோட கொதிதண்ணிப் பொட்டியத் தூக்கி வெளிய போட்டுச்சு. ஆட்டோகிளேவ்னு ஒரு மிஷினு வாங்கி வச்சுச்சு. நம்ம வீட்டுக் குக்கருதான் தம்பி, வேற ஒண்ணுமில்ல. பெருசா இருக்கும், கரெண்டுல ஓடும், மூடியில ரப்பர் வளையம் இருக்கும், ஆவி கட்டி நிக்கும். ஒரு ஆளுக்கு வச்ச சாமான அப்படியே கழுவி, கவர்ல போட்டு, அதுக்குள்ள வச்சு, ஒரு மணி நேரம் ஓட்டி, ஆற வச்சு, அதுக்கப்புறம்தான் அடுத்த ஆளு வாயில வைக்கணும். அதுதான் ரூலு. தரம்னா அதுதானாம்.

நல்ல ரூலுதான். நான் வேணாம்னா சொன்னேன்? ஆனா சாமான் அடுக்குற ட்ரே எத்தனை இருந்துச்சு தெரியுமா? மூணு. சனிக்கிழமை மார்க்கெட் லீவு, கமிசன் கடைக்காரங்க, லோடுமேன்க, சுத்துப்பட்டுச் சனம் எல்லாம் அன்னைக்குத்தான் வரும். முப்பது பேரு, முப்பத்தஞ்சு பேரு. மூணு ட்ரேய வச்சுக்கிட்டு முப்பது பேருக்கு ஒவ்வொரு மணி நேரமா ஓட்டுனா எப்ப முடியும், நீங்களே சொல்லுங்க. நான் கேட்டேன், இன்னும் பத்து ட்ரே வாங்கிப் போடுங்க ஐயான்னு. ‘பாக்கலாம் மேரி’ன்னாரு பெரியவரு. அஞ்சு வருசமாப் பாத்துக்கிட்டே இருந்தாரு. வாசல்ல கண்ணாடிக் கதவு போட்டாரு, மீன் தொட்டி வச்சாரு. ட்ரே மட்டும் மூணுதான்.

இதுல ரிஜிஸ்டர் வேற. சின்ன டாக்டர் கொண்டாந்ததுதான் அதுவும். ஒரு கலர் பட்டை இருக்கு தம்பி, காகிதத்துல, விரல் நீளம். வெள்ளையா இருக்கும். மிஷினுக்குள்ள சாமானோட வச்சா, ஆவி சரியாப் பட்டா கறுப்பாயிரும். கறுப்பாச்சுன்னா கிருமி செத்துருச்சுன்னு அர்த்தம். ஒவ்வொரு தடவ ஓட்டும்போதும் ஒரு பட்டை வைக்கணும், எடுக்கணும், நோட்டுல ஒட்டணும், தேதி, மணி, கையெழுத்து. அந்த நோட்டப் பாத்துருக்கீங்களா? நீங்க எங்க பாத்துருக்கப் போறீங்க. அழகா இருக்கும். ஸ்கேல் வச்சுக் கோடு போட்டு, ஒரு பட்டை கோணாம ஒட்டுவேன்.

போன பொங்கலுக்கு அப்புறம் ரப்பர் வளையம் போச்சு. காஞ்சு கருவாடாப் போச்சு. மூடி வழியா புஸ்ஸு புஸ்ஸுன்னு ஆவி போகுது, மீட்டர் முள்ளு ஏறவே மாட்டேங்குது. பட்டையும் கறுக்க மாட்டேங்குது, அரைகுறையா சாம்பக் கலர்ல வருது. நான் அன்னைக்கே போய்ச் சொன்னேன். யாருகிட்ட? பெரியவர்கிட்ட. இதை நல்லாக் கேட்டுக்கங்க, நான் சொன்னேன். ‘ஐயா, வளையம் போச்சு, மிஷினு ஏறல’ன்னு சொன்னேன். ‘சென்னையில இருந்து வரணும் மேரி, சொல்லியிருக்கேன்’னாரு. ‘அதுவரைக்கும்?’னு கேட்டேன். ‘மதுகிட்ட சொல்லிக்கிட்டு இருக்காத, அவ கிளினிக்க சாத்துன்னு சொல்லுவா. தரச் சான்றிதழுக்கு ஆளுங்க வர்ற நேரம். நீ பாத்துக்க.’ இதுதான் தம்பி அவரு வாயில இருந்து வந்தது. நீ பாத்துக்க. நான் என்னத்தப் பாத்துக்க? ரப்பர் மரம் நட்டு வளையம் செய்யவா?

நானும் சும்மா இருக்கல. சைக்கிள் கடையில பழைய டியூப் வாங்கிட்டு வந்து, வளையத்துக்கு மேல சுத்தி, துணியால கட்டி இறுக்கிப் பாத்தேன். சில நாளு நின்னுச்சு, சில நாளு நிக்கல. அதுதான் இப்ப எல்லாரும் என்கிட்ட வந்து நாளு கேக்குறது. நிக்காத நாளு மருந்துத் தண்ணியில ஊற வச்சு, பிரஷ் போட்டுத் தேய்ச்சு, வெந்நியில அலசிக் குடுத்தேன். என் கையி எப்படி வெந்துச்சுன்னு யாருக்குத் தெரியும். பளபளன்னு இருக்கும் சாமானு. அதுல முகம் பாக்கலாம்.

நோட்டுக்குப் பட்டை வேணுமே. தினம் எட்டு வரி, எட்டுப் பட்டை, எல்லாம் கறுப்பா இருக்கணும். சான்றிதழ் குடுக்கற ஆளுங்க இன்னைக்கு வருவாங்க, நாளைக்கு வருவாங்கன்னு பெரியவரு தினம் சொல்றாரு. சாம்பக் கலர்ப் பட்டைய ஒட்டி அவரு மானத்த வாங்கச் சொல்றீங்களா? யோசிச்சேன். ஆவி பட்டாத்தானே கறுக்கும்? ஆவிக்கா பஞ்சம். அம்பது பட்டைய வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். சாம்பாருக்குப் பருப்பு போடுறப்போ, குக்கருக்குள்ள சின்னச் சம்படத்துல பட்டைய வச்சு, பருப்பு மேல தூக்கி நிறுத்தினேன். நாலு விசிலுக்கு காப்பிப் பொடி நிறம். அஞ்சுக்கும் பத்தல. ஆறு விசில் விட்டு, அடுப்பச் சின்னதாக்கி கொஞ்ச நேரம் விட்டேன் பாருங்க, கன்னங்கரேல்னு வந்துச்சு. எனக்கே சிரிப்பு வந்துருச்சு. அதுல இருந்து வாரத்துக்கு ஒரு நாளு, பருப்போட பட்டையும் வேகும்.

என்ன சொன்னீங்க?

இல்ல, சத்தமாவே சொல்லுங்க, என்ன கேட்டீங்க? அந்தக் குக்கர்லயே சாமான வச்சு எடுத்திருக்கலாமேன்னா?

நல்லாக் கேட்டீங்க போங்க! சோறாக்குற குக்கரு தம்பி அது. என் பிள்ளை திங்கிற சோறு. கண்டவன் வாயில, ரத்தத்துலயும் சீழுலயும் கெடந்த கொறட்டக் கொண்டாந்து அதுல வைக்கச் சொல்றீங்களா? நீங்க வைப்பீங்களா உங்க வீட்டுக் குக்கர்ல? எவன் எவன் வாயில என்ன சீக்கு இருக்கோ, யாருக்குத் தெரியும். அருவருப்பா இல்ல? பேச வந்துட்டாரு.

சரி, கோவிச்சுக்காதீங்க. கேள்வின்னா ஒரு முறை இருக்கணும்ல.

வந்தாங்க தம்பி அந்த ஆளுங்க. சென்னையில இருந்து மூணு பேரு, மாசி மாசக் கடைசியில. கைகழுவுற எடத்தப் பாத்தாங்க, குப்பைத் தொட்டி மஞ்சளு, சிவப்பு எல்லாம் தனித்தனியா இருக்கான்னு பாத்தாங்க, தீயணைக்கிற சிலிண்டரப் பாத்தாங்க. கடைசியில நோட்டக் கேட்டாங்க. குடுத்தேன். ஒரு அம்மா கண்ணாடியத் தூக்கி விட்டுக்கிட்டுப் பக்கம் பக்கமாப் புரட்டுச்சு. ‘இவ்வளவு சுத்தமா எழுதின நோட்ட நாங்க சென்னையிலயே பாத்தது இல்ல’ன்னு சொல்லுச்சு. போன்ல படம் எடுத்துக்கிச்சு. என் பேரக் கேட்டுச்சு. சகாயமேரின்னேன். பெரியவரு அப்படியே பூரிச்சுப் போயிட்டாரு. ‘மேரி இல்லைன்னா இந்த கிளினிக்கே இல்லைங்க’ன்னு மூணு பேர் முன்னாடியும் சொன்னாரு. சொன்னாரா இல்லையான்னு அவரையே போய்க் கேளுங்க. மிஷினு ஒரு தடவ ஓட்டிக் காமிங்கன்னு ஒருத்தராவது கேட்டாங்களா? கேக்கல. நோட்டு நல்லா இருந்துச்சு, டீ நல்லா இருந்துச்சு, சான்றிதழ் வந்துருச்சு. சட்டம் போட்டு மீன் தொட்டிக்கு மேல மாட்டியாச்சு.

சான்றிதழ் வாங்குன மூணாவது மாசம், யாரு கேட்டா, சின்ன டாக்டருக்குத்தான் ஒரு வேகம். எதோ குப்பியாம், அதுக்குள்ள உசுரோட கிருமி இருக்குமாம். அத மிஷினுக்குள்ள வச்சு ஓட்டி, வெளியில எடுத்து ரெண்டு நாளு வெப்பத்துல வைக்கணுமாம். கிருமி செத்திருந்தா ஊதாவாவே இருக்கும், சாகலைன்னா மஞ்சளாயிரும். நான் ஒரு வாரம் லீவுல இருந்தப்போ அவளே வச்சிருக்கா. மஞ்சளாயிருச்சு. திரும்ப வச்சிருக்கா, திரும்ப மஞ்சளு. அப்புறம் மூடியத் தொறந்து பாத்திருக்கா, சைக்கிள் டியூபு.

மறுநாளு நான் உள்ள போறேன், நோட்ட விரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. ‘அக்கா, எல்லாப் பட்டையும் கறுப்பா இருக்கே எப்படி?’ன்னு கேட்டா. நோட்டத் தூக்கி மூக்குக்கிட்ட வச்சு மோந்து பாத்தா தம்பி. மோந்து பாத்துட்டு, ‘பெருங்காய வாசம் வருது’ன்னா. ஒரு பட்டையில மஞ்சக் கறை இருந்துச்சு, அதக் காமிச்சா. இன்னொண்ணு ஓரத்துல ஒரு துவரம்பருப்பு ஒட்டிக் காஞ்சு கெடந்துச்சு. அதையும் காமிச்சா.

கத்தியிருந்தா பரவாயில்ல. அடிச்சிருந்தாக்கூடப் பரவாயில்ல. அவ அழுதா. மேசையில தலையக் கவுத்துக்கிட்டு அழுதா. எனக்குத்தான் வேலை போகப் போகுது, இவ எதுக்கு அழுகுறா? அப்புறம் நிமிந்து, ‘எத்தனை நாள்க்கா? எந்தெந்த நாள்?’ன்னு கேட்டா. நான் பெரியவரப் பாத்தேன். அவரு அங்கதான் நிக்கிறாரு, கதவுகிட்ட. ஒரு வார்த்தை சொல்லுவாரு, நான்தாம்மா பாத்துக்கச் சொன்னேன், வளையம் வாங்காதது என் தப்புன்னு ஒரு வார்த்தை. அவரு என்ன சொன்னாரு தெரியுமா? ‘எனக்குத் தெரியாதும்மா. மேரிய நம்பித்தான் விட்டேன்’னாரு. பதினேழு வருசம் தம்பி. சாம்பிராணி போட்ட அன்னைக்கு இருந்து. நெஞ்சுல கை வச்சுச் சொல்றேன், அந்த மனுசன் எங்கப்பன் செத்தப்போ தோள் குடுத்தவரு. அதே வாயால, எனக்குத் தெரியாதுன்னு சொல்றாரு. என் கண்ணப் பாத்துக்கிட்டே சொல்றாரு.

நான் வயிறெரிஞ்சு சொல்றேன், அவரு நல்லா இருக்க மாட்டாரு.

எனக்கு வந்த கோவத்துல, கோட்டக் கழட்டி அந்த மீன் தொட்டி மேல எறிஞ்சுட்டு வந்துட்டேன். நாளும் சொல்லல, தேதியும் சொல்லல. எதுக்குச் சொல்லணும்? நோட்டுல இருக்குல்ல, பாத்துக்கட்டும். அதனாலதான் இப்ப பொங்கல்ல இருந்து வந்த எல்லாருக்கும் போன் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. தூங்கறதே இல்லையாம். தூங்க வேணாம்.

மூணு பேருக்கு ரத்தத்துல இருக்குன்னு சொல்றாங்களே, அதுவா? கேள்விப்பட்டேன். மஞ்சக்காமாலை பி-யாம். அதுல ஒருத்தரு லோடுமேன் தம்பி, எந்த சலூன்ல சவரம் பண்ணுனாரோ, எங்க பச்சை குத்துனாரோ. எல்லாத்தையும் கொண்டாந்து என் தலையில கட்டுனா எப்படி? எங்களால வந்ததுன்னு எழுதியா இருக்கு? சின்ன டாக்டரே சொல்றாளாம், உறுதியாச் சொல்ல முடியாதுன்னு. அப்புறம் என்ன.

நீங்க இன்னும் எந்திரிக்காம இருக்கீங்க. நான்தான் சொல்லிட்டேனே, உங்க தேதிக்கு ஓடுச்சுன்னு. எத்தனை தடவ சொல்றது? குழாயத் தொறந்தா தண்ணி வர்ற மாதிரி ஞாபகம் வருது எனக்கு. சனிக்கிழமை, முப்பத்தொரு பேரு, உங்க சம்சாரம் சாயங்காலம் கடைசிக்குக் கொஞ்சம் முன்னாடி. ஓடுச்சு. வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு, இருங்க. ஏய் ஜெசிந்தா! அண்ணனுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டாடி.

என் மகதான். பி.காம் ரெண்டாம் வருசம். காலேஜு லீவு.

வச்சுட்டுப் போம்மா. உள்ள போய்ப் படி. கதவச் சாத்திக்க.

குடிங்க தம்பி.

என்ன பாக்குறீங்க? அவ கையவா? பஞ்சு ஒட்டியிருக்கு, அதுக்கென்ன. ரத்தம் குடுத்தா பஞ்சு வச்சு பிளாஸ்திரி ஒட்டத்தான் செய்வாங்க. எதுக்கா? பொண்ணு மெலிஞ்சு கெடக்கா, ரத்தம் கம்மியான்னு பாக்கக் கூட்டிட்டுப் போனேன் காலையில. பெத்தவ பாக்கக் கூடாதா? ஊர்ல இருக்கற எல்லாரும் லேபுக்குப் போறாங்க, நான் போகக் கூடாதா?

அப்படிப் பாக்காதீங்க தம்பி.

தண்ணியக் குடிக்காம எந்திரிக்காதீங்க. இருங்க. உக்காருங்கன்னு சொல்றேன்ல. மெதுவாப் பேசுங்க, அவ காதுல விழும்.

ஆமா. அதுக்குத்தான் எடுத்தேன். போதுமா? அவளுக்குச் சொத்தைப் பல்லு. சும்மா பாத்துக் குடுங்க ஐயான்னு பெரியவர்கிட்ட நான்தான் கெஞ்சினேன். கூட்டம் முடிஞ்சு கடைசியா உக்கார வைன்னாரு. ஏப்ரல் பன்னெண்டு. உங்க சம்சாரம் எந்திரிச்ச சேர்ல, அடுத்து அவதான் உக்காந்தா. அன்னைக்கு மதியமே டியூபு வெடிச்சுப் போச்சு. அதுக்கப்புறம் அன்னைக்கு ஒரு தடவகூட ஓடல. உங்க சம்சாரத்துக்கு வச்ச ட்ரேயத்தான் கழுவி அவளுக்குக் குடுத்தேன். இந்தக் கையாலதான் கழுவிக் குடுத்தேன். சுத்தமா இருக்குன்னுதான் நெனச்சேன் தம்பி. பெத்த பிள்ளைக்குத் தெரிஞ்சு செய்வேனா? பளபளன்னு இருந்துச்சு.

கத்தாதீங்க. ஏன் பொய் சொன்னேன்னு கேக்குறீங்க. நீங்க வரும்போது எப்படி வந்தீங்க, மூஞ்சி செத்துப்போய் வந்தீங்க. ஓடுச்சுன்னு சொன்னதும் ஒரு நிமிசம் தெளிஞ்சுச்சு, நான் பாத்தேன். அந்தப் பதினோரு பேரும் அப்படித்தான். ஒரு பாட்டாளி மனுசன் என் காலத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போனாரு. எத்தனை பேருக்கு உண்மையிலயே ஓடுச்சுன்னு கேக்காதீங்க. ரெண்டு பேருக்கு இருக்கலாம். எல்லாருக்கும் அந்த ஒரு வார்த்தை போதும், எந்திரிச்சுப் போயிடறாங்க. எனக்கு யாரு தம்பி சொல்லுவா அந்த வார்த்தைய? நான் எந்த வீட்டுப் படியேறி, யார்கிட்ட போய்க் கேக்கறது? ராத்திரி பூரா கண்ண மூடுனா அந்த ட்ரேதான் வருது. ஓடாதது எனக்கு மட்டும்தானே தெரியும்.

கூட்டிட்டுப் போங்க. நாளைக்கே கூட்டிட்டுப் போங்க. சாப்பிட்டுட்டே போகலாம். மாசமா இருக்குன்னு சொன்னா வரிசையில நிக்க வைக்க மாட்டாங்க. சின்ன டாக்டர் பேரச் சொல்லுங்க. அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு தம்பி, அவ சொல்றபடி கேளுங்க. அந்தப் பதினோரு பேரு வீடும் எனக்குத் தெரியாது, போன் நம்பரும் தெரியாது. அவளுக்குத்தான் தெரியும். அவகிட்ட நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு...

ஜெசிந்தா. உன்னையக் கதவச் சாத்திக்கச் சொன்னேன்ல. எப்ப இருந்துடி அங்க நிக்கிற?

ஒண்ணுமில்லம்மா, அண்ணன் சும்மா வந்தாரு. பல் ஆஸ்பத்திரி விசயமா. நீ உள்ள போ.

போன்னு சொல்றேன்ல.

என்னடி கேக்குற? எனக்குப் பல்லு பாத்த அன்னைக்கு ஓடுச்சாம்மான்னா? இவகூடக் கேக்குறா பாருங்க தம்பி. மத்தவங்க மாதிரியே வந்து நின்னு கேக்குறா.

ஓடுச்...

இல்லடி. ஓடல. இங்க வா, இப்படி வந்து உக்காரு. ஓடல.